காணாமல் போன ஐந்தாவது எழுத்து

பின்நவீனத்துவம் பற்றித் தமிழில் யார் பேச ஆரம்பித்தாலும் பத்து நிமிடத்துக்குள் 'விளையாட்டு' என்ற சொல் வந்துவிடும். ஆதரிப்பவர்கள் அதைப் பாராட்டாகச் சொல்வார்கள், எதிர்ப்பவர்கள் திட்டாகச் சொல்வார்கள். 1982இல் தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' வந்தது. 1990களில் 'நிறப்பிரிகை' போன்ற சிற்றிதழ்கள் வந்தன. அந்தக் காலத்துச் சண்டைகளின் தூசி இன்னும் முழுசாக அடங்கவில்லை. எதிர்த்தரப்பின் வாதத்தைச் சுருக்கினால் இவ்வளவுதான்: வயிறு நிறைந்த மேற்கு நாட்டுக்காரன் பொழுது போகாமல் மொழியை வைத்துச் சொக்கட்டான் ஆடுகிறான், அதை நாம் எதற்கு இறக்குமதி செய்யணும்?

கோட்பாட்டுச் சண்டைக்குள் நான் போகப் போவதில்லை. லியோதார் 1979இல் எழுதிய 'பின்நவீன நிலை' நூலைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அது கியூபெக் மாகாணத்தின் பல்கலைக்கழகக் குழு கேட்டுக்கொண்டதற்காக எழுதிக் கொடுத்த அறிக்கை, அதில் கணினி பற்றியும் தரவு வங்கிகள் பற்றியும் நிறைய இருக்கிறது என்ற தகவல் என்னைப் போன்ற மென்பொருள்காரனுக்குக் கொஞ்சம் சந்தோஷம் தரும். அதோடு அதை விட்டுவிடலாம். எனக்குக் கேள்வி ஒன்றுதான். சரி, விளையாட்டு என்றே வைத்துக்கொள்வோம். விளையாடியவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள்?

நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். சாரு நிவேதிதாவின் 'ஸீரோ டிகிரி' 1998இல் வெளியானது. தமிழில் பின்நவீன நாவல் என்றதும் முதலில் நினைவுக்கு வரும் சில பெயர்களில் அதுவும் ஒன்று. தொலைபேசி உரையாடல், சித்திரவதைக் காட்சி, காதல் கவிதை, எண் ஜோதிடம், புராணம் என்று எல்லாவற்றையும் ஒட்டுப்போட்டு எழுதியது. அதைப் படித்த பலருக்கே தெரியாத சங்கதி, அதற்குள் ஒரு விதி ஓடுகிறது. ஓரிரு அத்தியாயங்கள் நீங்கலாக, நாவலில் வரும் எண் எதுவானாலும் அதன் இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பது வர வேண்டும். 18 வரலாம், 27 வரலாம், 20 வரக் கூடாது. இதில் பெரிய அடி எங்கே விழுகிறது என்றால் 'ஒரு', 'ஒன்று' என்ற சொற்களில்தான். அதுவும் எண்தானே? ஆகவே தடை. 'ஒரு நாள்', 'ஒரு பெண்', 'ஒரு மாதிரி' எதுவும் எழுத முடியாது. தமிழில் நாலு வரிக் கடிதம் எழுதிப் பாருங்கள், இந்தச் சொல் எத்தனை தடவை தானாக வந்து விழுகிறது என்று தெரியும். 2008இல் பிளாஃப்ட் பதிப்பகம் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாக இந்தச் செய்தி வெளியூர் வாசகர்களிடமும் போய்ச் சேர்ந்தது.

இந்த மாதிரி விதி போட்டுக்கொண்டு எழுதுவதற்கு இருபதாம் நூற்றாண்டில் ஒரு முகவரி உண்டு. பாரிஸ். பெயர் ஊலிப்போ.

1960 நவம்பரில் ரேமோன் கெனோ என்ற நாவலாசிரியரும் பிரான்சுவா லெ லியோனே என்ற வேதியியல் பொறியாளரும் சேர்ந்து ஆரம்பித்த சிறு குழு அது. பெயரின் விரிவைத் தமிழில் 'சாத்திய இலக்கியப் பட்டறை' என்று சொல்லலாம். பாதிப் பேர் எழுத்தாளர்கள், பாதிப் பேர் கணிதக்காரர்கள். தங்களை இயக்கம் என்றோ இலக்கியப் பள்ளி என்றோ அவர்கள் அழைத்துக்கொள்ளவில்லை. பெரெக், கால்வினோ எல்லோரையும் பின்நவீனப் பட்டியலில் சேர்த்தது பின்னால் வந்த விமர்சகர்கள். கெனோ இளமையில் சர்ரியலிஸ்டுகளோடு இருந்து சண்டை போட்டு வெளியே வந்தவர். மனம் போன போக்கில் எழுதுவதே விடுதலை என்பது சர்ரியலிஸ்டுகளின் நம்பிக்கை. கெனோ அதை மறுத்தார். மனம் போன போக்கில் எழுதுகிறவன் தனக்குத் தெரியாத விதிகளுக்கு அடிமை, தெரிந்தே விதி போட்டுக்கொண்டு எழுதுகிறவன் அவனைவிடச் சுதந்திரமானவன் என்பது அவர் கட்சி.

1961இல் கெனோ ஒரு புத்தகம் போட்டார். பத்துப் பதினான்கு வரிக் கவிதைகள். ஒவ்வொரு வரியும் தனித்தனி நாடாவாக வெட்டப்பட்டிருக்கும். எந்தக் கவிதையின் முதல் வரியோடும் எந்தக் கவிதையின் இரண்டாம் வரியையும் சேர்க்கலாம். பத்தின் பதினான்காம் அடுக்கு, அதாவது நூறு லட்சம் கோடி கவிதைகள். நிமிடத்துக்கு ஒன்று வீதம் தூங்காமல் படித்தால் ஏறத்தாழ 19 கோடி ஆண்டு ஆகும். நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. இதை மட்டும் பார்ப்பவர் 'பார்த்தீர்களா, விளையாட்டு' என்பார். நியாயம்தான்.

ஆனால் லெ லியோனேயைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இவர் சதுரங்க ஆராய்ச்சியாளர், கணிதப் பித்தர். இன்னொன்றும் உண்டு. நாஜி ஆக்கிரமிப்பை எதிர்த்த குழுவில் வேலை செய்து பிடிபட்டு, டோரா வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டவர். மலையைக் குடைந்து, கைதிகளை வைத்து வி-2 ராக்கெட் தயாரித்த இடம் அது. ஆள் எண்ணும் அணிவகுப்பில் மணிக்கணக்காக நிற்க வைப்பார்கள். அப்போது லெ லியோனே பக்கத்தில் நின்ற இளம் நண்பருக்குத் தான் அருங்காட்சியகங்களில் பார்த்திருந்த ஓவியங்களை ஒவ்வொன்றாக நினைவிலிருந்து விவரிப்பார். இந்த மூலையில் என்ன இருக்கிறது, துணியின் மடிப்பில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று. பிறகு மனத்துக்குள்ளேயே ஒரு ஓவியத்தின் ஆளை எடுத்து இன்னொரு ஓவியத்துக்குள் வைத்துப் பார்ப்பது. 1946இல் 'டோராவில் ஓவியம்' என்ற சிறு கட்டுரையாக இதை எழுதினார். பதினான்கு வருஷம் கழித்து ஊலிப்போவை ஆரம்பித்தவர் இந்த மனிதர். கலைத்துப் போட்டுச் சேர்க்கும் அந்த ஆட்டத்தை அவர் எங்கே பழகியிருந்தார் என்று பாருங்கள்.

இனி ஜார்ஜ் பெரெக்.

1936 மார்ச் 7 அன்று பாரிஸில் பிறந்தார். பெற்றோர் போலந்திலிருந்து வந்த யூதர்கள். பெல்வில் பகுதியில் வீலான் தெருவில் குடியிருந்தார்கள். அம்மா அங்கே 24ஆம் எண் வீட்டில் பெண்களுக்கான முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். போர் வந்ததும் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் தானாகப் போய்ச் சேர்ந்தார். 1940 ஜூன் 16 அன்று காயத்தால் இறந்தார். ஆக்கிரமிப்புக் காலத்தில் அம்மா சிறுவனை லியோன் ரயில் நிலையத்தில் செஞ்சிலுவைச் சங்க ரயிலில் ஏற்றி, ஆல்ப்ஸ் மலைப் பக்கம் உறவினர்களிடம் அனுப்பி வைத்தார். அவன் அம்மாவைக் கடைசியாகப் பார்த்தது அந்த நடைமேடையில்தான். 1943 தொடக்கத்தில் அம்மா கைதானார். திரான்சி தடுப்பு முகாமில் வைத்திருந்துவிட்டு, பிப்ரவரி 11 அன்று ஆஷ்விட்ஸுக்கு ரயிலேற்றினார்கள். அதற்குப் பிறகு தகவல் இல்லை. சிறுவனை அத்தையும் மாமாவும் வளர்த்தார்கள்.

வளர்ந்த பெரெக் 1961இலிருந்து 1978 வரை ஒரு நரம்பியல் ஆய்வகத்தில் ஆவணக் காப்பாளராக வேலை பார்த்தார். ஆய்வுக் கட்டுரைகளை அட்டை போட்டு, வகை பிரித்து, கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கிற வேலை. இன்று நாம் டேட்டாபேஸ் இன்டெக்ஸ் என்று சொல்வதை அவர் அட்டைப் பெட்டியில் செய்துகொண்டிருந்தார். 1965இல் முதல் நாவலுக்கு ரெனோதோ பரிசு கிடைத்த பிறகும் அந்த வேலையை விடவில்லை. 1967இல் ஊலிப்போவில் சேர்ந்தார். 1969இல் 'லா திஸ்பாரிசியோன்' வந்தது. காணாமல் போதல் என்று அர்த்தம்.

சுமார் 300 பக்க நாவல். அதில் 'ஈ' என்ற ரோமன் எழுத்து ஒரு இடத்திலும் கிடையாது. பிரெஞ்சில் அதிகமாக வரும் எழுத்து அதுதான். அது இல்லாமல் பெண்பால் சொற்களில் பெரும்பங்கு போய்விடும். 'நான்' என்பதற்கான சொல் போய்விடும். ஆசிரியர் தன் பெயரைக்கூட உள்ளே எழுத முடியாது, ஏனென்றால் ஜார்ஜ் பெரெக் என்ற பெயரின் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் நாலு 'ஈ' இருக்கிறது.

கதையில் அன்டோன் வாயில் என்று ஒருவன். தூக்கம் வராமல் அவதிப்படுகிறவன். திடீரென்று காணாமல் போகிறான். நண்பர்கள் தேடுகிறார்கள். எதைக் காணோம் என்பதை யார் நெருங்கிப் புரிந்துகொள்கிறார்களோ அவர்கள் அதைச் சொல்ல வாய் திறப்பதற்குள் செத்துப் போகிறார்கள். துப்பறியும் கதையின் அத்தனை சாமான்களும் உண்டு. புத்தகத்தில் 26 அத்தியாயங்களுக்கு எண் உண்டு, ஐந்தாவது மட்டும் இல்லை. ரோமன் எழுத்து வரிசையில் ஐந்தாவது எது என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த நாளில் ஒரு விமர்சகர் எழுத்து காணாமல் போனதைக் கவனிக்காமலேயே மதிப்புரை எழுதிவிட்டார் என்பது இந்த நாவலைப் பற்றிப் பிரபலமாகச் சொல்லப்படும் கதை.

நாவலின் பின்னுரையில், இதெல்லாம் ஒரு பந்தயத்தில் தொடங்கியது என்றுதான் ஆசிரியர் சொல்கிறார். சரி, பந்தயம்தான். ஆனால் 'ஈ' இல்லாமல் எழுத முடியாத பிரெஞ்சுச் சொற்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். தந்தை, தாய், பெற்றோர், குடும்பம். நாலும் போச்சு. அந்த எழுத்தின் பெயரைப் பிரெஞ்சில் உச்சரித்தால் 'அவர்கள்' என்ற பொருள் தரும் சொல்லின் ஒலி வருகிறது. 'ஈ இல்லாமல்' என்று வாய்விட்டுச் சொன்னால் 'அவர்கள் இல்லாமல்' என்று காதில் விழும்.

இது விமர்சகர்கள் அதிகப்படியாக யோசித்துக் கண்டுபிடித்தது என்று ஒதுக்கலாமா? ஒதுக்க விடாத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது ஒரு அரசாங்கக் காகிதம். பெரெக்கின் அம்மாவுக்குக் கல்லறை கிடையாது, இறப்புச் சான்றிதழும் நெடுங்காலம் கிடையாது. 1947இல் பிரெஞ்சு அரசு அவர் பெயரில் ஒரு சான்றிதழ் கொடுத்தது. இறந்தார் என்று அரசாங்கத்தால் சொல்ல முடியவில்லை, ஆகவே காணாமல் போனார் என்று சான்று. அந்தக் காகிதத்தின் அலுவல் பெயரில் இருக்கும் சொல் 'திஸ்பாரிசியோன்'. நாவலின் தலைப்பும் அதுவே. 1958இல்தான் ஒரு ஆணை வந்து, அவர் 1943 பிப்ரவரி 11 அன்று திரான்சியில் இறந்ததாகச் சட்டப்படி அறிவித்தது. அதாவது ரயில் கிளம்பிய நாளும் கிளம்பிய இடமும் இறந்த நாளாகவும் இடமாகவும் பதிவாகிவிட்டன. ஆஷ்விட்ஸ் என்ற சொல்லே அதில் வர வேண்டியதில்லை. அடுத்து வந்த இன்னொரு ஆணை, அந்த அம்மையார் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றவராக இருந்திருந்தால் 'பிரான்சுக்காக இறந்தவர்' என்ற குறிப்புக்கு உரியவராக இருந்திருப்பார் என்றது. இதற்கு மேல் எழுத்தாளன் புதிதாக என்ன கற்பனை செய்ய வேண்டியிருக்கிறது?

இரண்டாவது, 1975இல் வந்த அவருடைய 'டபிள்யூ அல்லது குழந்தைப் பருவ நினைவு' என்ற புத்தகம். அதன் சமர்ப்பணப் பக்கத்தில் யார் பெயரும் இல்லை. அந்த ஒற்றை எழுத்துக்குத்தான் சமர்ப்பணம். ஆறு வருஷத்துக்கு முன் முழு நாவலிலிருந்தும் துரத்திய எழுத்து.

இந்த இரண்டாவது புத்தகம்தான் எனக்கு அவருடைய எழுத்திலேயே பிடித்தது. ஒரு அத்தியாயம் கற்பனை, அடுத்தது தன்வரலாறு என்று மாறி மாறிப் போகும். கற்பனைப் பகுதியில் டபிள்யூ என்ற தீவு. விளையாட்டுப் போட்டியே மதமாக இருக்கும் நாடு. முதலில் ஒலிம்பிக் கனவு போலத் தெரியும். பக்கம் போகப் போக விதிமுறைகள் கொடூரமாகி, தோற்றவர்கள் பட்டினி கிடந்து, கடைசியில் அது வதைமுகாம் என்று தெரியும். தன்வரலாற்றுப் பகுதியில், குழந்தைப் பருவ நினைவே தனக்கு இல்லை என்று ஆரம்பிக்கிறார். பெற்றோரைப் பற்றிப் பதினைந்து வருஷத்துக்கு முன் எழுதி வைத்த பழைய பக்கங்களை அப்படியே போடுகிறார். திருத்தவில்லை. கீழே எண் போட்டு அடிக்குறிப்புகள் எழுதுகிறார்: இந்தத் தேதி தவறு, இந்தப் பெயரின் எழுத்துக்கூட்டல் வேறு, இது நான் கற்பனை செய்தது. பழைய கோடை அழிக்காமல் வைத்துக்கொண்டு, எங்கே எது தப்பு என்று பக்கத்தில் குறிப்பெழுதும் முறை நமக்குப் பழக்கமானதுதான். ரயில் நிலையத்தில் அம்மாவைப் பிரிந்தபோது தன் கையைத் தூளியில் கட்டியிருந்ததாக அவருக்கு நினைவு. அத்தை, அப்படி எதுவும் இல்லை என்கிறார். கடைசிச் சந்திப்பைப் பற்றி அவரிடம் இருந்த ஒரே படமும் நம்ப முடியாததாகிவிடுகிறது. புத்தகத்தின் நடுவில், இரண்டு பாகங்களுக்கும் இடையில், ஒரு பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் மூன்று புள்ளிகள் மட்டும் இருக்கும்.

நம்பத்தகாத கதைசொல்லி, உடைந்த வடிவம், அடிக்குறிப்பு, பிரதிக்குள் பிரதி. பின்நவீனத்துவத்தின் அறிகுறிகள் என்று பாடப்புத்தகம் போடுகிற பட்டியல் முழுக்க இங்கே இருக்கிறது. இதில் எதை எடுத்துவிட்டு 'நேரடியாக' எழுதியிருந்தால் உண்மை அதிகமாகியிருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவின் முகம் நினைவிருந்தவர் நேரடியாக எழுதலாம்.

'காணாமல் போதல்' நாவலை மொழிபெயர்த்தவர்கள் பட்ட பாடு தனிக் கதை. கில்பர்ட் அடேரின் ஆங்கில வடிவத்திலும் ஒய்கன் ஹெல்ம்லேயின் ஜெர்மன் வடிவத்திலும் அதே எழுத்தை விட்டார்கள். ஸ்பானிஷில் அதிகம் வருவது 'ஏ', ஆகவே அதை எடுத்தார்கள். ரஷ்யனில் 'ஓ' போனது. ஜப்பானிய எழுத்து நம்முடையதைப் போல அசையெழுத்து. அங்கே இகர வரிசை முழுவதையும் தூக்கினார்கள்.

தமிழில் செய்தால் எதை எடுப்பது? சாப்பாட்டு இடைவேளையில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி விளையாடிக்கொண்டிருந்தபோது மாட்டிக்கொண்ட கேள்வி இது. நியாயமாகப் பார்த்தால் அகரத்தை எடுக்க வேண்டும். ஆனால் அகரம் நம் எழுத்தில் சொல்லின் முதலில் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். ஆகாரத்துக்குக் கால் உண்டு, இகரத்துக்குக் கொக்கி உண்டு, உயிரற்ற மெய்க்குப் புள்ளி உண்டு. அகரம் ஏறிய மெய்க்கு அடையாளம் எதுவும் இல்லாததுதான் அடையாளம். யூனிகோடிலும் இதே கதை. மற்ற உயிர்களுக்கெல்லாம் தனிக் குறியீடு இருக்கிறது, அகரத்துக்கு உயிர்க்குறி கிடையாது. 'க' என்ற எழுத்துக்குப் பின்னால் எந்தக் குறியும் இல்லை, புள்ளியும் இல்லை என்றால் அங்கே அகரம் இருக்கிறது என்று நிரல் ஊகித்துக்கொள்ள வேண்டும். இல்லாததைத் தேடித்தான் இருப்பதைக் கண்டுபிடிக்க முடியும். பெரெக்குக்குத் தெரிந்திருந்தால் ரசித்திருப்பார்.

அகரத்தை எடுத்துவிட்டால் தமிழில் எவையெல்லாம் போகும் என்று பட்டியல் போட்டேன். அம்மா போய்விடும். அப்பா போய்விடும். தந்தை, மகன், மரணம் போய்விடும். 'அவர்கள்' போய்விடும். நான், தாய், சாவு, இல்லை ஆகிய நாலும் மிஞ்சும். யாராவது துணிந்து மொழிபெயர்த்தால் நம் மொழி அவருக்குத் துரோகம் செய்யாது என்று தோன்றுகிறது.

இந்தத் தடை விளையாட்டு தமிழுக்குப் புதுசா என்றால், ஊலிப்போவுக்கு அப்பன் நம்மிடம் இருக்கிறான். நிரோட்டகம் என்று ஒரு வகை. பாடும்போது உதடு ஒட்டவும் கூடாது, குவியவும் கூடாது. ப, ம, வ போச்சு. உகரம், ஒகரம், அவற்றின் நெடில்களும் போச்சு. 17ஆம் நூற்றாண்டில் துறைமங்கலம் சிவப்பிரகாசர் 'திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி' பாடினார். உதடு ஒட்டாத தடை ஒன்று, ஒரே சொல்வடிவம் வேறு வேறு பொருளில் திரும்பி வர வேண்டும் என்பது இரண்டு, ஒரு பாட்டின் முடிவில் அடுத்தது தொடங்க வேண்டும் என்பது மூன்று. செந்தூர் முருகனைப் பாடுகிறவன் 'முருகன்' என்ற பெயரையே சொல்ல முடியாது! திருச்செந்தூரில் ஒரு புலவர் சவால் விட்டதால் பந்தயத்துக்குப் பாடியது என்பது மரபாகச் சொல்லப்படும் கதை. இங்கேயும் பந்தயம். தங்களுக்கு முன்னால் இதையெல்லாம் செய்தவர்களை ஊலிப்போக்காரர்கள் 'முன்கூட்டியே நம்மைத் திருடியவர்கள்' என்று வேடிக்கையாக அழைப்பார்கள். சிவப்பிரகாசரும் அந்தத் திருடர் கூட்டத்தில் ஒருவர்.

அப்படியானால் சித்திரகவி பாடியவர்கள் எல்லாம் பின்நவீனர்களா? அந்த வாதத்தை நான் வாங்குவதில்லை. எதையும் 'நம்மிடம் ஏற்கெனவே இருந்தது' என்று முடித்துவிடுவது நமக்குக் கொஞ்சம் பழக்கமாகிவிட்டது. சிவப்பிரகாசருக்குத் தடை என்பது புலமையின் நிரூபணம். அவர் பாடிய தெய்வம் அவருக்கு இருந்தது, கேட்கும் சபை இருந்தது, பேர் சொல்ல முடியாவிட்டாலும் முருகன் எங்கேயும் காணாமல் போகவில்லை. பெரெக்கிடம் அந்த உத்தரவாதம் எதுவும் இல்லை. தடை வைத்த இடத்தில் நிஜமாகவே ஓட்டை இருந்தது. 'ஸீரோ டிகிரி'யை இதே அளவுகோலில் வைத்தால், 'ஒரு' என்ற சொல் இல்லாததால் வாக்கியங்களுக்குக் கிடைக்கிற மூச்சிரைப்பு எனக்குச் சில அத்தியாயங்களில் வேலை செய்கிறது. எண் ஒன்பது மட்டும் ஏன் என்பதற்கு எண் ஜோதிடத்தைத் தாண்டி நாவல் எதையும் தரவில்லை என்றே நினைக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இருக்கலாம், அந்த நாவலுக்கு அதன் ரசிகர்கள் பலமானவர்கள்.

பெரெக்கின் பெரிய நாவல் 1978இல் வந்தது, 'வாழ்க்கை: பயன்படுத்தும் முறை'. மெதிசி பரிசு பெற்றது. பாரிஸில் ஒரு அடுக்குமாடிக் கட்டடம். முன்சுவரை உரித்து எடுத்தால் தெரியும் அறைகளைப் பத்துக்குப் பத்து கட்டமாக வைத்து, சதுரங்கக் குதிரை தாவுகிற மாதிரி அறைக்கு அறை தாவி, போன கட்டத்துக்கு மறுபடி போகாமல் கதை சொல்கிறார். எந்த அறையில் என்னென்ன பொருள், நிறம், மேற்கோள் வர வேண்டும் என்பதைத் தீர்மானிக்க ஒரு கணித அட்டவணை வைத்திருந்தார். பத்துக்குப் பத்து இரட்டை லத்தீன் சதுரம். சுடோகு போட்டவர்களுக்கு லத்தீன் சதுரம் தெரிந்திருக்கும். வரிசையிலும் நிரலிலும் எதுவும் திரும்ப வராது. அப்படி இரண்டு சதுரங்களை ஒன்றின் மேல் ஒன்று வைத்தால், எந்த ஜோடியும் இரண்டாம் முறை வரக் கூடாது.

இங்கேதான் ஒரு இந்தியச் சங்கதி. பத்து அளவில் இப்படி ஒரு சதுரமே இருக்க முடியாது என்று 1782இல் ஆய்லர் ஊகித்தார். 177 வருஷம் அந்த ஊகம் அசையாமல் இருந்தது. 1959இல் அதை உடைத்தவர்கள் மூன்று பேர்: கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் வளர்ந்து அமெரிக்கா போன ராஜ் சந்திர போஸ், மத்தியப் பிரதேசத்தின் சாகரில் பிறந்த ஸ்ரீகண்டே, யூனிவாக் கணினி நிறுவனத்தில் இருந்த பார்க்கர். நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி போட்டது. ஸ்ரீகண்டே 2020இல் தமது 102ஆம் வயதில் காலமானார். ஊலிப்போவில் இருந்த கணிதவியலாளர் குளோத் பெர்ஜ் இந்தச் சதுரத்தை நாவலுக்குப் பயன்படுத்தலாம் என்று யோசனை சொல்ல, பெரெக் எடுத்துக்கொண்டார். ஆக, பிரெஞ்சுப் பின்நவீனத்தின் தலைசிறந்த நாவல் என்று பலர் சொல்லும் புத்தகத்தின் அஸ்திவாரத்தில் நம்மவர்கள் இருவர் போட்ட கல் இருக்கிறது. இறக்குமதி என்று பேசும்போது இதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளலாம்.

நூறு கட்டத்துக்கு நூறு அத்தியாயம் வர வேண்டும், வருவது 99. நிலவறைக் கட்டம் ஒன்றை வேண்டுமென்றே விட்டுவிட்டார். எந்த விதியிலும் ஒரு ஓட்டை வைப்பது அவர் பழக்கம்.

கதையின் மையத்தில் பார்ட்டில்பூத் என்ற பணக்கார ஆங்கிலேயர். இருபது வருஷம் உலகத் துறைமுகங்களுக்குப் போய் 500 நீர்வண்ண ஓவியங்கள் வரைவது, அவற்றைப் படப்புதிர்த் துண்டுகளாக அறுக்கக் கொடுப்பது, அடுத்த இருபது வருஷம் உட்கார்ந்து துண்டுகளைச் சேர்ப்பது, சேர்ந்த ஓவியத்தை வரைந்த துறைமுகத்துக்கே கொண்டுபோய் நிறத்தைக் கரைத்து வெற்றுத் தாளாக்குவது. அவர் போட்ட திட்டம் இது. மிச்சம் எதுவும் இருக்கக் கூடாது. திட்டம் முடியவில்லை. 439ஆவது புதிரின் முன்னால் உட்கார்ந்தபடி இறந்துபோகிறார். புதிரில் இன்னும் நிரப்பப்படாத ஒரே இடைவெளி 'எக்ஸ்' எழுத்தின் வடிவில் இருக்கிறது. அவர் கையில் இருக்கும் கடைசித் துண்டின் வடிவம் 'டபிள்யூ'. அதே டபிள்யூ.

1969இலேயே, 'காணாமல் போதல்' வந்த அதே ஆண்டில், பெரெக் இன்னொரு வேலையையும் தொடங்கியிருந்தார். பாரிஸில் பன்னிரண்டு இடங்கள், பன்னிரண்டு ஆண்டுகள். ஒவ்வொரு இடத்துக்கும் ஆண்டுக்கு ஒரு முறை நேரில் போய்க் கண்ணில் படுவதை மட்டும் எழுத வேண்டும், இன்னொரு முறை நினைவிலிருந்து எழுத வேண்டும். எழுதியதை உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். மாதா மாதம் எந்த இடம் என்பதற்கு இதிலும் ஒரு லத்தீன் சதுரம் உண்டு. பன்னிரண்டு இடங்களில் ஒன்று வீலான் தெரு. நகராட்சி அந்தப் பகுதியை இடித்துக்கொண்டிருந்த காலம். ஒவ்வொரு வருஷமும் போய் எந்தக் கடை மூடியிருக்கிறது, எந்த வீட்டின் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள் என்று ஆவணக் காப்பாளருக்கே உரிய நிதானத்தோடு குறித்து வைத்தார். 24ஆம் எண் வீட்டின் முகப்பில் 'பெண்கள் முடியலங்காரம்' என்ற எழுத்துகள் மங்கிப்போய் இன்னும் படிக்க முடிகிற மாதிரி இருந்தன, அதையும் குறித்தார். 1975இல் அந்தத் திட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார். 1982 மார்ச் 3 அன்று, 46ஆம் பிறந்தநாளுக்கு நாலு நாள் இருக்கும்போது, நுரையீரல் புற்றுநோயில் இறந்தார். வீலான் தெருவின் பெரும்பகுதி இப்போது இல்லை. அந்த இடத்தில் பெல்வில் பூங்கா இருக்கிறது.